கோடு கிழிப்பவர் கையில் கோட்டை

அமெரிக்க மாநிலங்களில் ஆட்சி எப்படிக் கைமாறுகிறது? எப்படிக் கைமாறாமல் பூட்டி வைக்கப்படுகிறது?

2018 ஜனவரி 4. விர்ஜீனியா மாநிலத்தின் தலைநகரான ரிச்மண்டில் தேர்தல் வாரியம் கூடியிருந்தது. மேசைமேல் நீலமும் வெள்ளையுமாக ஒரு பீங்கான் கிண்ணம். இதற்காகவே அருங்காட்சியகத்திலிருந்து இரவல் வாங்கி வந்தது. கேமராவுக்கு ஃபிலிம் ரோல் வாங்கிய காலத்தில் அது ஒரு சின்ன டப்பாவில் வருமே, அப்படி இரண்டு டப்பாக்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு பெயர்ச் சீட்டு. டப்பாக்களைக் கிண்ணத்தில் போட்டுக் கலக்கினார்கள். வாரியத் தலைவர் ஜேம்ஸ் அல்கார்ன் கையை விட்டு ஒன்றை எடுத்துத் திறந்தார். டேவிட் யான்சி என்று இருந்தது. அந்தச் சீட்டோடு விர்ஜீனியா கீழவையில் குடியரசுக் கட்சியின் பெரும்பான்மை தப்பிப் பிழைத்தது. 100 இடங்களில் 51.

நியூபோர்ட் நியூஸ் நகரைச் சேர்ந்த 94-ஆம் தொகுதி அது. 2017 நவம்பர் தேர்தலில் முதல் எண்ணிக்கையில் யான்சி 10 ஓட்டு முன்னால் இருந்தார். மறு எண்ணிக்கையில் ஜனநாயகக் கட்சியின் ஷெல்லி சைமண்ட்ஸ் ஒரே ஓட்டில் ஜெயித்தார்: 11,608-க்கு 11,607. பள்ளி வாரிய உறுப்பினராக இருந்தவர் அவர். அவை 50-50 ஆகிவிட்டது என்று அன்று இரவு தலைப்புச் செய்தி போட்டார்கள். மறுநாள் மூன்று நீதிபதிகள் முன் ஒரு வாக்குச்சீட்டு வந்தது. யாரோ ஒரு வாக்காளர் இரண்டு பெயருக்கு நேரேயும் வட்டத்தை நிரப்பிவிட்டு, சைமண்ட்ஸுக்கான வட்டத்தின் மேல் மட்டும் ஒரு கோடு இழுத்திருந்தார். அடித்துவிட்டார் என்று பொருள் கொண்டு அந்த ஓட்டை யான்சி கணக்கில் சேர்த்தார்கள் நீதிபதிகள். ஆளுக்கு 11,608. சட்டப்படி இனிச் சீட்டுக் குலுக்கல்தான்.

குடத்தில் ஓலை போட்டுச் சிறுவனை எடுக்கச் சொன்ன முறையை உத்திரமேரூர்க் கோயில் சுவரில் செதுக்கி வைத்திருப்பவர்கள் நாம். பராந்தக சோழன் காலத்து வழக்கம் அது. இன்றைய இந்தியாவிலும், இருவர் சமமாக வாங்கினால் திருவுளச்சீட்டில் பெயர் வந்தவருக்குக் கூடுதலாக ஓர் ஓட்டு என்பது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்திலேயே இருக்கிறது. 2016-இல் ராதாபுரத்தில் 49 ஓட்டு வித்தியாசம் எத்தனை வருடம் நீதிமன்றத்தில் இழுபட்டது என்பதும் மறந்துபோகவில்லை. ஆகவே ரிச்மண்டில் குலுக்கல் நடந்தது நமக்கு வேடிக்கையாகத் தோன்ற வேண்டியதில்லை. கவனிக்க வேண்டியது அதற்கு முந்தைய கணக்கு. அந்தத் தேர்தலுக்கு முன் குடியரசுக் கட்சிக்கு 66 இடங்கள். ஒரே இரவில் 15 போயின. மாநிலம் முழுக்கப் பார்த்தால் ஜனநாயகக் கட்சிக்குத் தெளிவாகக் கூடுதல் ஓட்டு. அப்படியும் பெரும்பான்மை யாருக்கு என்பது ஒரு கிண்ணத்துக்குள் போய் நின்றது. காற்று அவ்வளவு பலமாக வீசியும் கதவு ஏன் திறக்கவில்லை என்ற கேள்விக்குப் பதில் தேடினால், அமெரிக்க ஜனநாயகத்தின் சமையலறைக்கே போய்ச் சேர்வோம்.

யாரும் பார்க்காத தேர்தல்

அமெரிக்கத் தேர்தல் என்றால் நம் தொலைக்காட்சிகளுக்கு நான்கு வருடத்துக்கு ஒருமுறை வரும் அதிபர் தேர்தல்தான். ஆனால் ஒரு அமெரிக்கரின் அன்றாடத்தைத் தொடும் சட்டங்களில் பெரும்பகுதி மாநிலத் தலைநகரங்களில் இயற்றப்படுகிறது. பள்ளிக்கூடத்துக்கு எவ்வளவு பணம், மரண தண்டனை உண்டா, ஏழைக்கு மருத்துவக் காப்பீடு யார் வரைக்கும் என்பதெல்லாம் அங்கேதான் முடிவாகிறது. 2022 ஜூனில் கருக்கலைப்பு உரிமையைக் கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் கைகழுவியபின் அதுவும் மாநிலச் சட்டமன்றங்களின் கைக்குப் போய்விட்டது.

50 மாநிலங்கள், 7,300-க்கு மேற்பட்ட சட்டமன்ற இடங்கள். நெப்ராஸ்கா தவிர மற்ற எல்லா மாநிலத்திலும் கீழவை, செனட் என்று இரண்டு அவைகள். (நம் மேலவையை 1986-இல் எம்.ஜி.ஆர். கலைத்தார்.) ஆளுநர் என்றால் டெல்லி அனுப்பி வைக்கும் ஆளுநர் இல்லை. மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும், நம் முதலமைச்சருக்கு நிகரான ஆள். இரண்டு அவையும் ஆளுநர் பதவியும் ஒரே கட்சியிடம் வந்துவிட்டால் அந்த மாநிலத்தில் அதற்குத் தடுப்பணை இல்லை.

இத்தனை அதிகாரம் உள்ள பதவிக்குச் சம்பளம் என்ன தெரியுமா? 400 பேர் கொண்ட நியூ ஹாம்ப்ஷயர் கீழவையில் ஓர் உறுப்பினருக்கு ஆண்டுக்கு 100 டாலர். டெக்சாஸில் மாதம் 600 டாலர். வழக்கமான கூட்டமோ இரண்டு வருடத்துக்கு ஒருமுறை 140 நாள். விவசாயி, வக்கீல், ஓய்வுபெற்ற ஆசிரியர் என்று பகுதிநேரமாக வருகிறவர்கள் நிறைய. தன் எம்.எல்.ஏ. பெயர் தெரியாத அமெரிக்கர் ஏராளம். பெரிய பணத்தோடும் திட்டத்தோடும் ஒரு கட்சி உள்ளே நுழைந்தால் எதிரே நிற்க ஆளிருக்காத இடம் இது. 2010-இல் நடந்தது அதுதான்.

2010: முந்திக்கொண்டவர்கள்

பத்து வருடத்துக்கு ஒருமுறை மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. அது முடிந்த கையோடு தொகுதி எல்லைகளைத் திருத்த வேண்டும். பெரும்பாலான மாநிலங்களில் அதைச் செய்வது சட்டமன்றமே. தன் தொகுதி எது என்பதை மட்டுமல்லாமல், அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸுக்குத் தன் மாநிலம் அனுப்பும் உறுப்பினர்களின் தொகுதிகளையும் சட்டமன்றப் பெரும்பான்மை வரைகிறது. ஆகவே கணக்கெடுப்பு வருடத்தில் நடக்கும் சட்டமன்றத் தேர்தலில் ஜெயிப்பவர் அடுத்த பத்து வருடத்துக்கு ஜெயிக்க வழி செய்துகொள்ளலாம்.

இதைக் குடியரசுக் கட்சியின் மாநிலத் தேர்தல் குழு நன்றாகப் புரிந்துகொண்டது. 'ரெட்மேப்' என்று ஒரு திட்டம் போட்டு, சுமார் 3 கோடி டாலரை, அவை கைமாறக்கூடிய மாநிலங்களின் சின்னச் சின்னத் தொகுதிகளில் இறக்கியது. காங்கிரஸ் தேர்தல் செலவோடு ஒப்பிட்டால் இது சில்லறைப் பணம். அந்த நவம்பரில் ஒபாமாவுக்கு எதிரான அலையும் சேர்ந்துகொண்டது. நாடு முழுக்கச் சுமார் 680 சட்டமன்ற இடங்கள் குடியரசுக் கட்சிப் பக்கம் சாய்ந்தன. வட கரோலினாவில் 19-ஆம் நூற்றாண்டுக்குப் பிறகு முதன்முறையாக இரண்டு அவைகளும் அவர்களிடம் வந்தன. மிச்சிகன், விஸ்கான்சின், ஒஹையோ, பென்சில்வேனியா நான்கிலும் எல்லாம் அவர்கள் கையில். ஜனநாயகக் கட்சி தூங்கிக்கொண்டிருந்தது என்பதை அந்தக் கட்சிக்காரர்களே பிறகு ஒப்புக்கொண்டார்கள்.

எல்லை மாற்றினால் அப்படி என்ன ஆகிவிடும் என்பவர்களுக்கு ஒரு சிறு கணக்கு. ஐந்து தொகுதி, தொகுதிக்கு 100 வாக்காளர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 500 பேரில் 300 பேர் முதல் கட்சி, 200 பேர் இரண்டாம் கட்சி. இரண்டாம் கட்சியிடம் கோடு போடும் வேலையைக் கொடுத்தால் என்ன செய்யும்? தன் ஆட்களை மூன்று தொகுதிகளில் 51, 51, 51 என்று பரப்பும். எதிர்க்கட்சிக்காரர்களை மிச்சமுள்ள இரண்டு தொகுதிகளில் கொண்டுபோய் அடைக்கும். 40 சதவீதம் ஓட்டு வைத்திருப்பவர் ஐந்தில் மூன்று ஜெயித்து ஆட்சி அமைப்பார். ஓர் ஓட்டுகூடத் திருடப்படவில்லை. வாக்குச்சாவடியில் எல்லாம் முறைப்படியே நடந்திருக்கும்.

மேடிசனில் ஒரு பூட்டிய அறை

இந்தக் கணக்கு எந்த அளவுக்குப் போகும் என்பதற்கு விஸ்கான்சினைப் பார்க்கலாம். இரண்டு கட்சிக்கும் கிட்டத்தட்டச் சரிபாதி ஆதரவு உள்ள மாநிலம். அதிபர் தேர்தலில் ஒரு சதவீத வித்தியாசத்தில் அங்குமிங்கும் சாய்வது.

2011-இல் தலைநகர் மேடிசனில், சட்டமன்றக் கட்டடத்துக்கு அருகே இருந்த ஒரு வக்கீல் நிறுவனத்தின் அறையில் புதிய வரைபடம் தயாரானது. வரைந்தவர்கள் குடியரசுக் கட்சித் தலைவர்களின் உதவியாளர்கள். அக்கட்சி எம்.எல்.ஏ.க்கள் ஒவ்வொருவராக வந்து, ரகசியம் காப்பதாக ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு, தங்கள் தொகுதி எப்படி மாறுகிறது என்று பார்த்துவிட்டுப் போனார்கள். எதிர்க்கட்சிக்கு அந்த அறை இருப்பதே தெரியாது. பிற்பாடு வழக்கு வந்தபோது கணினிகளிலிருந்து வரைவுகள் வெளியே வந்தன. ஒவ்வொரு வரைவுக்கும் ஒரு பெயர் சூட்டியிருந்தார்கள். ஒன்றுக்கு 'உறுதி'. இன்னொன்றுக்கு 'ஆக்ரோஷம்'. எத்தனை இடம் கூடும் என்பதை வைத்து வந்த பெயர்கள் அவை. பொதுச்சேவைக்கு வந்தவர்கள் மக்கள் வசிக்கும் தெருக்களைப் பார்த்து வைத்த பெயர் இது என்பதை என்னால் இன்றும் சீரணிக்க முடியவில்லை.

பலன் உடனே கிடைத்தது. 2012-இல் சட்டமன்றக் கீழவைக்கான மொத்த ஓட்டில் குடியரசுக் கட்சிக்கு 48.6 சதவீதம், இடமோ 99-இல் 60. 2018-இல் ஆளுநர் உட்பட மாநில அளவில் நடந்த போட்டிகள் எல்லாவற்றிலும் ஜனநாயகக் கட்சி வென்றது. கீழவைக்கும் அந்தக் கட்சிக்குச் சுமார் 53 சதவீதம் ஓட்டு. கிடைத்த இடம் 36. நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். சில தொகுதிகளில் எதிராளியே இல்லாததால் அந்த 53 கொஞ்சம் உப்பிய எண்தான். ஜனநாயகக் கட்சிக்காரர்கள் மில்வாக்கி, மேடிசன் நகரங்களில் நெருக்கிக் குடியிருக்கிறார்கள்; யார் நேர்மையாகக் கோடு போட்டாலும் அவர்களுக்குக் கொஞ்சம் நட்டம் வரும். ஆனால் அந்த இயல்பான சரிவுக்கும் 63-36 என்ற முடிவுக்கும் இடையே உள்ள தூரம் அந்த அறையில் உண்டாக்கப்பட்டது.

ஷெபாய்கன் என்று மிச்சிகன் ஏரிக்கரையில் ஒரு தொழில் நகரம். நெடுங்காலம் ஒரே தொகுதியாக இருந்தது. 2011 வரைபடம் அதை இரண்டாக வெட்டி, ஒவ்வொரு பாதியையும் சுற்றியுள்ள கிராமப்புறத்தோடு ஒட்டியது. நகரத்துக்காரர்கள் இரண்டு தொகுதியிலும் சிறுபான்மை ஆனார்கள். ஒரே ஊரில் எதிரெதிர் வீட்டுக்காரர்கள் வெவ்வேறு எம்.எல்.ஏ.விடம் மனுக் கொடுக்க, இரண்டு எம்.எல்.ஏ.வுக்கும் அந்த ஊர் ஓட்டு தேவையே இல்லை. தொகுதி என்பது வெறும் கோடு என்று நினைப்பவர்கள் ஷெபாய்கனின் அந்தப் பத்துப் பன்னிரண்டு வருடங்களைப் பார்க்க வேண்டும். தோற்க முடியாத எம்.எல்.ஏ. யாருக்கும் பயப்பட மாட்டார். 2018-இல் புது ஆளுநர் டோனி எவர்ஸ் பதவியேற்கும் முன்பே, பழைய சட்டமன்றம் டிசம்பரில் அவசரமாகக் கூடி அவருடைய அதிகாரங்கள் சிலவற்றைப் பறித்துச் சட்டம் போட்டது. கேட்க ஆளில்லை. ஒபாமா காலத்து மருத்துவக் காப்பீட்டு விரிவாக்கத்தை இன்னும் ஏற்காத 10 மாநிலங்களில் விஸ்கான்சினும் ஒன்று.

வரைபடத்தை எதிர்த்து வாக்காளர்கள் கூட்டாட்சி நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2018-இல் உச்ச நீதிமன்றம் வழக்குத் தொடுத்தவர்களின் தகுதியைக் காட்டித் திருப்பி அனுப்பியது. 2019 ஜூன் 27-இல் வட கரோலினா, மேரிலாந்து வழக்குகளில் ஐந்துக்கு நான்கு என்ற தீர்ப்பில், கட்சி ஆதாயத்துக்காகக் கோடு கிழிப்பதைக் கூட்டாட்சி நீதிமன்றங்கள் விசாரிக்கவே முடியாது என்று கதவைச் சாத்தியது. மேரிலாந்தில் கிழித்தது ஜனநாயகக் கட்சி என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். இல்லினாயில் இன்றும் அக்கட்சி போட்ட வரைபடம் பார்க்கவே கோணல்மாணலாக இருக்கும். கை யாருடையது என்பதைப் பொறுத்து இந்தப் பழக்கம் மாறுவதில்லை.

விஸ்கான்சினில் மிச்சமிருந்தது மாநில உச்ச நீதிமன்றம். அங்கே நீதிபதியையும் மக்களே தேர்ந்தெடுக்கிறார்கள். 2023 ஏப்ரலில் ஒரே ஒரு நீதிபதி இடத்துக்கு நடந்த தேர்தலில், அமெரிக்க வரலாற்றில் அதுவரை எந்த நீதிபதித் தேர்தலுக்கும் ஆகாத செலவு ஆனது. வரைபடம் ஏமாற்று வேலை என்று வெளிப்படையாகப் பேசிய ஜேனட் புரோட்டசேவிச் 11 சதவீத வித்தியாசத்தில் வென்றார். வழக்கில் தீர்ப்பு சொல்லப்போகிறவர் முன்கூட்டியே இப்படிப் பேசுவது எனக்கு உவப்பாக இல்லை. எல்லா வாசலையும் அடைத்துவிட்ட ஊரில் மக்கள் இந்த வாசலுக்கு வந்தது புரிகிறது. நீதிமன்றத்துக்கு அது நல்லதா என்ற சந்தேகமும் போகவில்லை.

அந்த டிசம்பரில் வந்த தீர்ப்பு கட்சி ஆதாயத்தைத் தொடவே இல்லை. தொகுதி ஒட்டியிருக்க வேண்டும், துண்டு துண்டாகக் கிடக்கக் கூடாது என்ற மாநில அரசியல் சாசனத்தின் ஒரு வரியைப் பிடித்துக்கொண்டது. பாதித் தொகுதிகள் தனித்தீவுகள் போன்ற துண்டுகளோடு இருந்தன. நான்குக்கு மூன்று என்ற கணக்கில் வரைபடம் செல்லாது என்றானது. 2024 பிப்ரவரியில் புது வரைபடத்தில் எவர்ஸ் கையெழுத்திட்டார். அந்த நவம்பரில் டிரம்ப் விஸ்கான்சினில் ஜெயித்தார். அதே நாளில், அதே வாக்காளர்களால், கீழவையில் குடியரசுக் கட்சி 64-இலிருந்து 54-க்கும், செனட்டில் 22-இலிருந்து 18-க்கும் இறங்கியது. ஆட்சி கைமாறவில்லை. மாறக்கூடிய தூரத்துக்கு வந்துவிட்டது. மறுபடி ஒரே தொகுதியான ஷெபாய்கனில், அந்த ஊரின் பள்ளிக் கல்விக்குத் தலைமை வகித்து ஓய்வு பெற்ற ஜோ ஷீகன் ஜனநாயகக் கட்சி சார்பில் ஜெயித்தார்.

மிச்சிகனில் ஒரு ஃபேஸ்புக் பதிவு

ஏரிக்கு அந்தப் பக்கம் மிச்சிகனில் வேறு வழியில் போனார்கள். 2016 அதிபர் தேர்தல் முடிந்த சில நாளில் கேட்டி ஃபாகே என்ற 27 வயதுப் பெண், தொகுதி எல்லை மோசடியை ஒழிக்க வேண்டும், யார் வருகிறீர்கள் என்று ஃபேஸ்புக்கில் எழுதினார். அரசியல் அனுபவம் கிடையாது. வந்து சேர்ந்தவர்கள் பொதுவாக்கெடுப்புக்காக வீதி வீதியாகப் போய் 4,25,000-க்கும் மேற்பட்ட கையெழுத்து வாங்கினார்கள். 2018 நவம்பரில் 61 சதவீத ஆதரவோடு தீர்மானம் நிறைவேறியது. வரையும் வேலை சட்டமன்றத்தின் கையைவிட்டுப் போய், 13 சாதாரணக் குடிமக்கள் கொண்ட ஆணையத்திடம் வந்தது: கட்சிக்கு நான்கு பேர், எந்தக் கட்சியும் சாராதவர் ஐந்து பேர். விண்ணப்பித்தவர்களிலிருந்து குலுக்கல் முறையில் தேர்வு.

குறை இல்லாமல் இல்லை. டெட்ராய்ட் பகுதியில் 13 தொகுதிகளை இனத்தை அடிப்படையாக வைத்து வரைந்துவிட்டார்கள் என்று சொல்லி, 2023 இறுதியில் கூட்டாட்சி நீதிமன்றம் அவற்றைச் செல்லாது என்றது. கறுப்பின வாக்காளர்களின் பலத்தை நீர்க்கச் செய்துவிட்டார்கள் என்ற அவர்களின் கோபத்தில் நியாயம் இருந்தது. அங்கே மறுபடி வரைய வேண்டியிருந்தது.

ஆனால் முடிவுகளைப் பாருங்கள். 2022-இல் ஜனநாயகக் கட்சிக்குக் கீழவையில் 56-54, செனட்டில் 20-18. இரண்டு அவையும் ஆளுநர் பதவியும் ஒருசேர அந்தக் கட்சிக்குக் கிடைத்தது சுமார் 40 வருடத்தில் அதுதான் முதல்முறை. சில மாதத்திலேயே, தொழிற்சங்கங்களின் சந்தா பலத்தை முறித்த 2012-ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கினார்கள். கார்த் தொழிலாளர் சங்கம் பிறந்து வளர்ந்த மண்ணில் அது பெரிய செய்தி. 1931-இலிருந்து சட்டப் புத்தகத்தில் கிடந்த கருக்கலைப்புத் தடையும் போனது. இரண்டே வருடம். 2024-இல் காற்று திசை மாறியது. கீழவை 58-52 என்று குடியரசுக் கட்சிக்கே திரும்பிப் போனது. ஜனநாயகக் கட்சி நண்பர்கள் சிலர் இதை ஆணையத்தின் தோல்வியாகப் பார்க்கிறார்கள். என் பார்வையில் அதற்குக் கிடைத்த சான்றிதழே இந்தத் தோல்விதான். 2022-இல் ஒருவருக்கும் 2024-இல் மற்றவருக்கும் கதவு திறந்தது. இரண்டு முறையும் திறந்தவர் வாக்காளர்.

ஓர் இடம் என்ன செய்யும்

மினசோட்டா செனட்டில் 2022-இல் 34-33 என்று ஒரே இடத்தில் ஆட்சி ஜனநாயகக் கட்சிக்கு மாறியது. அடுத்த மார்ச்சில், பணக்கார வீடு, ஏழை வீடு என்று பார்க்காமல் பள்ளிப் பிள்ளைகள் எல்லாருக்கும் காலைச் சாப்பாடும் மதியச் சாப்பாடும் இலவசம் என்ற சட்டத்தில் ஆளுநர் டிம் வால்ஸ் கையெழுத்திட்டார். காமராஜர் மதிய உணவையும் எம்.ஜி.ஆர். சத்துணவையும் அறிந்த நமக்கு அதன் அருமை சொல்லித் தெரிய வேண்டியதில்லை. உலகின் பணக்கார நாட்டில் அது ஒரே ஓர் இடத்துக்காகக் காத்திருந்தது என்பதுதான் மனதை உறுத்துகிறது.

அந்தச் சட்டங்களைக் கீழவையில் நடத்திக் கொடுத்தவர் சபாநாயகர் மெலிசா ஹார்ட்மன். 2024 தேர்தலில் அவை 67-67 என்று சமமாகி, வாரக்கணக்கில் இழுபறி நடந்து, கடைசியில் சபாநாயகர் நாற்காலியை எதிர்க்கட்சிக்கு விட்டுக்கொடுத்து உடன்பாட்டுக்கு வந்தார். 2025 ஜூன் 14-இல் அவரையும் அவர் கணவரையும் வீட்டு வாசலில் வந்து சுட்டுக் கொன்றான் ஒருவன். அதே இரவில் செனட் உறுப்பினர் ஜான் ஹாஃப்மனும் அவர் மனைவியும் சுடப்பட்டுப் பிழைத்தார்கள். 67-67 அவையில் எதிராளியோடு உட்கார்ந்து பேசத் தெரிந்தவரைத்தான் பறிகொடுத்தார்கள்.

விர்ஜீனியாவுக்கே வருவோம். குலுக்கலில் பெரும்பான்மை தப்பினாலும், 15 இடம் போன அடி ஆளுங்கட்சிக்கு வலித்தது. நான்கு வருடமாக மருத்துவக் காப்பீட்டு விரிவாக்கத்தை மறித்து நின்ற அதே கீழவையில், 2018-இல் குடியரசுக் கட்சியினர் பலர் மனம் மாறி ஓட்டளித்தார்கள். சுமார் 4 லட்சம் பேருக்குக் காப்பீடு வந்தது. 2019-இல் இரண்டு அவையும் ஜனநாயகக் கட்சிக்கு. சைமண்ட்ஸும் அந்த முறை யான்சியைச் சீட்டில்லாமலே தோற்கடித்தார். 2021-இல் மரண தண்டனையை ஒழித்த முதல் தென் மாநிலமானது விர்ஜீனியா. அதே வருட நவம்பரில் கீழவை குடியரசுக் கட்சிக்கு, 2023-இல் மறுபடி ஜனநாயகக் கட்சிக்கு, 2025-இல் 64-36 என்று அதற்கே பெருவெற்றி. ஹைதராபாத்தில் பிறந்து நான்கு வயதில் அமெரிக்கா போன கஸாலா ஹாஷ்மி, 2019-இல் ஒரு செனட் தொகுதியைக் குடியரசுக் கட்சியிடமிருந்து பறித்தவர், 2025-இல் துணை ஆளுநராகத் தேர்வானார்.

2025: நடுவழியில் திருத்திய கோடு

பத்து வருடத்துக்கு ஒருமுறை என்ற வழக்கமும் 2025-இல் உடைந்தது. காங்கிரஸில் ஐந்து இடம் கூடுதலாக வேண்டும் என்று அதிபர் டிரம்ப் கேட்க, டெக்சாஸ் சட்டமன்றம் ஆகஸ்டில் வரைபடத்தை மாற்றியது. ஜனநாயகக் கட்சி எம்.எல்.ஏ.க்கள் ஐம்பதுக்கு மேற்பட்டோர் மாநிலத்தை விட்டே வெளியேறி அவையைக் கூடவிடாமல் தடுத்துப் பார்த்தார்கள். இரண்டு வாரம் தாமதமானது, அவ்வளவே. பதிலடியாகக் கலிஃபோர்னியா தன் சுயேச்சை ஆணையத்தின் வரைபடத்தை ஓரங்கட்ட நவம்பரில் மக்களிடம் அனுமதி கேட்டது. மூன்றில் இரண்டு பங்குக்கு நெருக்கமானோர் சரி என்றார்கள். விர்ஜீனியாவும் 2020-இல் மக்கள் ஓட்டோடு அமைத்த ஆணையத்தைத் தாண்டிச் செல்ல அக்டோபரில் முதல் படி எடுத்து வைத்தது. 'அவன் செய்தான், நானும் செய்தேன்' என்ற இந்த நியாயம் எனக்கு ஏற்புடையதல்ல. நிராயுதபாணியாக நின்று தோற்பதா என்று ஜனநாயகக் கட்சியினர் கேட்பதிலும் வலு இருக்கிறது. ஆனால் மிச்சிகனில் வீதி வீதியாகக் கையெழுத்து வாங்கிய எளிய மனிதர்களின் உழைப்பு எந்த நம்பிக்கையில் நின்றதோ அதை இரண்டு பக்கமும் சேர்ந்து அரிக்கிறார்கள்.

இந்த வரிசையில் இண்டியானா தனியாக நிற்கிறது. 50 பேர் கொண்ட செனட்டில் 40 பேர் குடியரசுக் கட்சி. காங்கிரஸ் தொகுதிகள் 9-இல் ஏழு ஏற்கெனவே அவர்களிடம். மீதி இரண்டையும் துடைத்துவிடும் வரைபடத்துக்கு வெள்ளை மாளிகை மாதக்கணக்கில் நெருக்கியது. துணை அதிபரே நேரில் வந்தார். தயங்கிய உறுப்பினர்களுக்கு மிரட்டல்கள் வந்தன. வீட்டில் ஆபத்து என்று போலீசுக்குப் பொய் அழைப்பு கொடுத்து ஆயுதப் படையை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். டிசம்பர் 11-இல் ஓட்டெடுப்பு. 31-19 என்று தோற்றது. ஜனநாயகக் கட்சியின் 10 பேரோடு ஆளுங்கட்சியில் 21 பேர் எதிர்த்து ஓட்டளித்தார்கள். அடுத்த தேர்தலில் சீட்டுக் கிடைக்காமல் போகலாம் என்று தெரிந்தே எதிர்த்தவர்கள் அவர்கள்.

நம் ஊர்க் கணக்கு

இந்தியாவில் எம்.எல்.ஏ. தன் தொகுதியைத் தானே வரைவதில்லை. ஓய்வு பெற்ற உச்ச நீதிமன்ற நீதிபதி தலைமையிலான மறுவரையறை ஆணையம் வரைகிறது. இன்றைய தொகுதிகளில் பெரும்பாலானவை குல்தீப் சிங் ஆணையம் 2008-இல் முடித்துக் கொடுத்தவை. எம்.பி., எம்.எல்.ஏ.க்கள் ஆணையத்தில் துணை உறுப்பினர்களாக உட்காரலாம், பேசலாம், ஓட்டுப் போட முடியாது. அமெரிக்கரிடம் இதைச் சொன்னால் பொறாமைப்படுவார். அதற்காக நிம்மதியாக இருந்துவிடவும் முடியாது. 2022-இல் ஜம்மு காஷ்மீரில் ஜம்முவுக்கு ஆறு இடமும் காஷ்மீருக்கு ஒன்றும் கூட்டிய ஆணையமும் நீதிபதி தலைமையிலானதே. அந்த மனக்குறை இன்னும் ஆறவில்லை.

நமக்கு வரப்போகும் சிக்கல் கோட்டைவிட எண்ணிக்கை. 1976-இல் நிறுத்தி வைத்து, 2001-இல் நீட்டித்த ஏற்பாட்டின்படி, 2026-க்குப் பிறகு வரும் முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பை வைத்து மக்களவை இடங்களை மாநிலங்களுக்குப் பிரித்தால், குடும்பக் கட்டுப்பாட்டைச் சொன்னபடி செய்த தமிழ்நாட்டின் 39 என்ன ஆகும்? 2025 மார்ச் 22-இல் சென்னையில் பல மாநிலத் தலைவர்கள் கூடிக் கேட்ட கேள்வி அது. பல மாநில முதல்வர்களும் கட்சித் தலைவர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து கேட்டதாலேயே அதை வெறும் தேர்தல் பேச்சு என்று ஒதுக்க முடியாது. கேள்வியை வரைபடம் அச்சாகும் முன் கேட்க வேண்டும். விஸ்கான்சின்காரர்கள் அச்சான பிறகு கேட்டார்கள். பதில் கிடைக்கப் பன்னிரண்டு வருடம் ஆனது.

அந்தப் பதிலும் இன்னும் பாதிதான். 2024-இல் விஸ்கான்சின் செனட்டின் 33 இடங்களில் இரட்டைப்படை எண் கொண்ட 16 தொகுதிகளுக்கே புது வரைபடத்தில் தேர்தல் நடந்தது. ஒற்றைப்படை எண் கொண்ட மீதி 17 தொகுதிகளும் 2026 நவம்பரில் வாக்காளர் முன் வருகின்றன, கீழவையின் 99 இடங்களோடும், எவர்ஸ் மீண்டும் போட்டியில்லை என்று விலகிவிட்ட ஆளுநர் பதவியோடும் சேர்த்து.